ரோமாபுரிக் காகிதம்

"ஹலோ... ஆமா, மாதா கோயில் ஆபீஸ்தான்... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, லைன்ல ஒரே இரைச்சல்... யாரு?"

பெயரைக் கேட்டதும், ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் அன்னம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக அவள் காதில் விழாத குரல். தங்கை பொன்னம்மாவின் புருஷன் சொக்கலிங்கம், துறைமுகத்துக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட் மரக்கிடங்கிலிருந்து பேசினான். தங்கை அந்த இந்து மாப்பிள்ளையைக் கட்டிய நாளோடு அவளிடம் பேச்சை நிறுத்தியவள் அன்னம்மாள். அன்று விடியற்காலை பொன்னம்மா இறந்துபோனாள். செய்தி வந்ததும் அக்காள் செய்த ஒரே காரியம், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னதுதான்.

"ம்... கேள்விப்பட்டேன் தம்பி... சாமியார் இங்க இல்லயே. தெக்குத் தீவுக்கு, கேம்பல் பே போயிருக்காரு, கப்பல் திரும்ப அடுத்த வாரமாகும்... என்ன காகிதம்?... எரிக்கிறதுக்கா?... யாரு கேட்டது?... அவளேவா?"

சற்று நேரம் அவள் ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். புருஷன் வீட்டு வழக்கப்படி தன்னையும் எரிக்க வேண்டும் என்று நோயில் கிடந்தபோது பொன்னம்மா புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மூன்று மணிக்குத் தூக்க அவனுடைய ஆட்கள் தயாராக இருந்தார்கள். சாமியார் இல்லாதபோது ஜெபம் நடத்தும் உபதேசியார், எரித்தால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசி மூச்சுவரை ஜெபமாலையைக் கீழே வைக்காதவளை ஜெபமில்லாமல் அனுப்ப சொக்கலிங்கத்துக்கு மனம் ஒப்பவில்லை. எரிப்பதற்கு ரோமாபுரி அனுமதி தந்து சில வருஷமாகிறது, அந்தச் சுற்றறிக்கை கோயில் அலமாரியில் இருக்கிறது என்று போன மாதம் சாமியாரே பொன்னம்மாவிடம் சொன்னாராம். அதைத் தேடிப் பார்க்கச் சொன்னான்.

"சாமியார்கிட்டப் போய்க் கேட்டுருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல... சரி, சரி. வைக்காதீங்க. பாக்குறேன்."

ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். சுற்றறிக்கைகள் வருஷவாரியாகக் கட்டிக் கிடந்தன. பாதியைக் கறையான் தின்றிருந்தது, மீதியில் பாதி லத்தீன். ஒவ்வொரு கட்டாக மேசைக்குக் கொண்டுவந்து பிரித்தாள்.

"இருக்கீங்களா?... அறுபத்திரண்டுல இல்ல... அறுபத்திமூணும் பாத்துட்டேன், நோன்பு பத்தித்தான் இருக்கு... தெரியுது தம்பி, நேரமாகுதுதான். கைய வேகமாத்தான் ஓட்டுறேன்."

நடுவில் எக்ஸ்சேஞ்ச்காரப் பெண் புகுந்து, பேசி முடிந்ததா, லைனைத் துண்டிக்கட்டுமா என்று இந்தியில் கேட்டாள்.

"ஹாஞ்ஜி, பாத் சல் ரஹி ஹை. லைன் மத் காட்னா... உங்களச் சொல்லல தம்பி. எக்ஸ்சேஞ்ச்."

அறுபத்திநாலாம் வருஷக் கட்டில் அது இருந்தது. இரண்டே பக்கம், இங்கிலீஷில். கன்னியாஸ்திரீகளிடம் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ் அதற்குப் போதும். வேதத்தை மறுப்பதற்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகத் தன் உடலை எரிக்கச் சொன்னவருக்கு ஜெபத்தை மறுக்கக் கூடாது. இரண்டு தரம் வாசித்தாள். மடித்து மடியில் வைத்தாள். ரிசீவரை எடுத்தாள்.

"தம்பி... அப்படி ஒண்ணும் இல்ல."

காகிதம் நழுவாமல் மடியை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"ஹலோ... ஆமா, நல்லாத்தான் பாத்தேன்... என்ன சொல்றீங்க?... இங்க கொண்டு வர்றீங்களா? ரெண்டு மணிப் படகுலயா?... ஆமா, அம்மா பக்கத்துல எடம் இருக்கு... அப்போ அவகிட்டப் பண்ணுன சத்தியம்?... ம்... ம்... அழாதீங்க தம்பி. மெதுவாச் சொல்லுங்க."

காலையிலிருந்து அவள் ஆசைப்பட்டது அப்படியே கைக்கு வந்துவிட்டது. செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை, ஜெபத்துக்காக அவன் மீறத் துணிந்துவிட்டான்.

"வேணாம். படகுல ஏத்த வேணாம்... நான் சொல்றதக் கேளுங்க. காகிதம் இருக்கு... இப்ப இல்ல, முன்னயே கெடச்சிருச்சு. என் மடியிலதான் இருக்கு. நான்தான் இல்லன்னு பொய் சொன்னேன்... ஏன்னா... அவ எங்கம்மா பக்கத்துல கெடக்கணும்னு நெனச்சேன் தம்பி. உசுரோட இருந்தப்ப கூப்பிடல, இப்பவாவது..."

அன்று முதல்முறையாக அழுகை வந்தது. அவன் கத்துவான் என்று காத்திருந்தாள்.

"திட்டுங்க. பரவால்ல... திட்டலயா... ம்... எம்பேரச் சொன்னாளா? எப்ப?... ராத்திரியா..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தாள்.

"எரிக்கலாம்னு இருக்கு. ஜெபமும் சொல்லலாம். எரிக்கிற எடத்துல மட்டும் கூடாதாம், அதுக்கு முன்னாடி முடிச்சிரணும்... உபதேசியார்கிட்ட நான் காட்டுறேன். அவரு அப்பவும் வரலன்னா நான் சொல்றேன் ஜெபம்... ஆமா, நானேதான் வர்றேன். அதே படகு இங்கேருந்து திரும்புறப்ப. நான் வர்ற வரைக்கும் தூக்கிறாதீங்க... சரி... பாம்பூஃப்ளாட்ல எறங்கி எந்தப் பக்கம் வரணும்?... இல்ல தம்பி, நெசமாவே தெரியாது. உங்க வீடு எதுன்னு எனக்குத் தெரியாது."

சுற்றறிக்கையின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதினாள்.

"மேட்டுல ஏறி... தண்ணிக் குழாய் தாண்டி... ம்... அப்புறம்?... ஹலோ... ஹலோ..."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி லைன் கேட்டுக் காத்திருக்க நேரமில்லை. மிச்ச வழியைப் படகில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு, உபதேசியார் வீட்டு வழியாகச் சாத்தம் படகுத்துறைக்கு நடந்தாள்.