புரையேறினா யாரோ நெனைக்கிறாங்களாம்

அஞ்சுல ஒண்ணைச் சொல்லுன்னா எப்படிம்மா சொல்றது? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும். நான் போற ராத்திரிப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் கேப்பாங்க. அங்க தப்பா டிக் அடிச்சா ஃபெயிலு, அதோட போச்சு. சரி, திரும்பப் படிங்க.

பிள்ளைக்கு ஊட்டும்போது பயமா இருக்கா. இருக்காவா! நாலு வயசுப் பையன், முழுங்கறதுல கோளாறு, தண்ணியே அவனுக்கு எதிரி. கூழு மாதிரி கெட்டியாக்கித்தான் குடுக்கணும். கொஞ்சம் தடம் மாறினா நேரா நுரையீரலுக்குத்தான். மூணு தடவை நிமோனியா. உங்க அஞ்சுல எது பெருசோ அதைப் போட்டுக்குங்க.

சொந்தக்காரங்க ஒத்தாசையா? ஏன் இல்லாம. எங்கக்கா வந்துச்சு. உனக்கு ஊட்டத் தெரியல, அதான் புள்ள எலும்பும் தோலுமா இருக்கான்னு என் பொண்டாட்டி கையிலேருந்து கிண்ணத்தைப் புடுங்கிச்சு. ரெண்டாவது வாய்லயே புரையேறிடுச்சு. உச்சந்தலையில தட்டி, யாரோ உன்னை நெனைக்கிறாங்கடான்னு சிரிக்குது. உதடு நீலம் பாரிச்சப்புறம்தான் சிரிப்பு நின்னுச்சு. இப்ப அது வர்றதில்ல. யாருமே வர்றதில்ல. ஆனா தெனம் புரையேறுது. யாரும்மா நெனைக்கிறாங்க?

கோவம் உங்க மேல இல்லம்மா, எழுதுங்க. வேலையா? ஒர்க்‌ஷாப். லீவு கேட்டா மேனேஜர், உன்னோட மெல்லவும் முடியல முழுங்கவும் முடியலப்பாங்கிறாரு. என்கிட்ட சொல்றாரு! பதில் வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். எனக்கு அந்தக் கோளாறு இல்ல, நான் நல்லா முழுங்குவேன்.

வீட்டுல சண்டையா? நேத்து வரைக்கும் அடிக்கடி. வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிடலாம், இனிமே வாயால எதுவும் வேணாம்னு டாக்டர் சொன்னாரு. இவ முடியவே முடியாதுன்னுட்டா. ஒரு வாய் ஊட்டாம நான் என்ன அம்மான்னு கேக்கறா. இன்னொரு நிமோனியாவைத் தாங்க மாட்டான்னாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் பேச்சே இல்ல. ஒருபோதும் இல்லைன்னு டிக் பண்ணிக்குங்க, உங்க கணக்குல நாங்க தேறிட்டோம்.

இதையெல்லாம் அளந்து என்னம்மா பண்ணுவீங்க? ஆராய்ச்சிக் கட்டுரையா. ம்.

அவகிட்டயும் கேக்கணுமா? அந்தா, பெஞ்சு ஓரத்துல உக்காந்திருக்காளே, அவதான். அவ பாக்கற கதவுக்கு உள்ளதான் இப்பக் குழாய் வெச்சுக்கிட்டிருக்காங்க. மடியில பை இருக்கு பாருங்க. அதுல அவன் கிண்ணமும் கரண்டியும். கழுவித் தொடைச்சு எடுத்துட்டு வந்திருக்கா. வெளிய வந்ததும் புள்ளைக்குப் பசிக்குமேன்னு நர்சுகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா.

இனிமே அது வேண்டாம்னு நீங்க போய்ச் சொல்லுங்களேன். என்னால ஆகல.