பிரிக்காத பேப்பர்

"இனிமே சங்கத்துக்கு வந்தீங்கன்னா பேப்பரை மட்டும் பிரிச்சுப்போடாதீங்க மாமா. பிரிச்சா நமக்கு நட்டமுங்க."

பரமத்தி வேலூரில், பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியில் ஓடும் பஸ் சூடேறட்டும் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் இப்படிச் சொன்னார். அவர் ஒரு வாசகசாலைச் சங்கத்தின் காரியதரிசி. பெரியவர் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"பேப்பர் படிக்கத்தானப்பா சங்கமே வெச்சோம்? ஆளுக்கு மாசம் ஓரணா போட்டமல்ல?"

"மொதல்ல போட்டீங்க. மழை தப்புன வருசம் பாதிப்பேர் நின்னுட்டாங்க. பொறவு வாடகை குடுக்க பெஞ்சை வித்தோம். இப்பச் சண்டையில காயிதத்துக்கு ஏகக் கிராக்கிங்க. கசங்காத பேப்பர்னா மளிகைக்கடைக்காரர் கேட்ட வெலை குடுக்கறாரு. சங்கம் தொடங்குன நாள்ல இருந்து இப்பத்தானுங்க கையில காசு நிக்குது."

"அப்ப வந்தன்னைக்கே கடைக்குப் போயிருதா?"

"சங்கம் நிலைக்கோணுமல்லங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ற பையன் பர்மாவுல பட்டாளத்துல இருந்தானல்ல. அவன் இருந்த ஊரைச் சப்பான்காரன் புடிச்சுட்டான்னு, பருப்பு கட்டிக் குடுத்த காயிதத்துலதான் படிச்சேன். பத்து நாளைக்கு முந்துன பேப்பரு. மேல நம்ம சங்கத்து முத்திரை இருந்துச்சு. செத்தவங்க பேரு கீழே இருக்குதுன்னு போட்டிருந்தாங்க. அந்தக் கீழ்ப்பாதி ஆரு ஊட்டு மொளகாயைக் கட்டிக்கிட்டுப் போச்சோ."