தம்பி என்ற ஒரு சொல்

நான் நிதானமாகத்தான் பேசுவேன்; உங்கள் விசாரணைக் குழுவில் தட்டச்சு செய்கிறவருக்குச் சிரமம் இருக்காது. இத்தனை வருஷமாகச் சுருக்கெழுத்தாளர்களுக்குத் தீர்ப்பு சொல்லிச் சொல்லி வாய்க்கு அந்த நடை படிந்துவிட்டது. எங்கே கால்புள்ளி வர வேண்டும் என்பதைக்கூட என் மூச்சைக் கேட்டே தெரிந்துகொள்வார்கள்.

நான் முதலில் வாத்தியார். நீதிபதி ஆனதெல்லாம் அப்புறம்தான். சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, முப்பத்து நான்கு வயதில் ஒரு புத்தகம் எழுதினேன். மரண வாக்குமூலத்தைப் பற்றியது. சாகப்போகிறவர் சொல்லும் ஒரு வார்த்தை போதும், அதற்குத் துணையாக வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. நானூறு பக்கத்தின் சாரம் இவ்வளவுதான். மூத்த வக்கீல்கள் கேலி செய்தார்கள். 'ஒற்றைச் சொல் வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அதே வக்கீல்கள் என் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார்கள். என்னை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தது அந்தப் புத்தகம்தான்.

இந்த வழக்கு மேல்முறையீட்டில் என்னிடம் வந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி வீட்டில் தீக்காயம் பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வாக்குமூலம் வாங்கப் போன மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர். "தீ வச்சது யாரு?" என்று கேட்டிருக்கிறார். "தம்பி" என்றாள். அடுத்த கேள்விக்குள் நினைவு தப்பிவிட்டது.

அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் இருந்தான். பஸ் டெப்போவில் மெக்கானிக். முந்தின நாள் அக்காவோடு அவன் வாய்ச்சண்டை போட்டதைப் பக்கத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள். சட்டையில் டீசல் வாடை. டெப்போக்காரன் சட்டையில் மல்லிகைப்பூ வாடையா அடிக்கும் என்று அவனுடைய வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி. அவனும் ஒன்று சொன்னான்: "எங்கக்கா என்னைத் தம்பின்னு கூப்பிட்டதே இல்லீங்க. 'டேய்'னுதான் கூப்பிடும்." தப்பிப்பதற்காகச் சொல்லும் பேச்சு என்று என் தீர்ப்பில் அதை ஒரே வரியில் ஒதுக்கினேன்.

கீழ்க்கோர்ட் தூக்கு கொடுத்திருந்தது. என்னோடு அமர்ந்த இளைய நீதிபதி தயங்கினார்.

"சார், ஒரே ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு... மனசு ஒப்பல."

"சாகப்போற பொம்பளை கூடப்பிறந்தவன் மேல எதுக்கு அபாண்டமா பழி போடணும்?" என்றேன்.

அவர் என்னிடம் படித்தவர். கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பைப் பத்திரிகைகள் பாராட்டின. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை; கருணை மனுவும் தள்ளுபடியாகி, தேதியும் குறித்தார்கள். அந்த மாதம்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தூக்குக்குப் பதினோரு நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என் மனைவிதான் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். தூக்குத் தேதிச் செய்தியோடு பத்திரிகை மறுபடி போட்டிருந்த என் தீர்ப்பை வெட்டியெடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"அந்தம்மா வாக்குமூலம் குடுத்தப்போ நான் அங்கதான் இருந்தேங்கய்யா. டிரிப்ஸ் மாத்திட்டு இருந்தேன்."

"கோர்ட்டுல ஏம்மா சொல்லல?"

"யாரும் கூப்பிடலைங்க. தம்பிதான் வச்சான்னு சொல்லிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நான் இல்லாத நேரத்துல தெளிவா சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். பேப்பரைப் பார்த்தப்புறம்தான் தெரியுது, நான் கேட்ட அந்த ஒரு 'தம்பி'யை வச்சுத்தான் தூக்குன்னு." வெட்டிய தாளை என் பக்கம் நீட்டினாள். "அந்தம்மா எல்லாரையுமே தம்பின்னுதாங்க கூப்பிட்டாங்க. டாக்டரை, ஸ்ட்ரெச்சர் தள்ளுனவரை, எல்லாரையும். மாஜிஸ்திரேட் ஐயா கேட்டப்போ அவங்க கண்ணு தண்ணி டம்ளர் மேல இருந்துச்சு. 'தம்பி, தண்ணி'ன்னு அவர்கிட்ட கேக்க வந்தாங்க. தண்ணிங்கிறது வாயில வரல."

அவள் முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. உண்மை என்பதில் சந்தேகமே வரவில்லை. ஒரு வார்த்தை போதும் என்று இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தை விளி வேற்றுமையாக இருக்கலாம் என்பது நானூறு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அரசுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால் தூக்கு நின்றிருக்கும்.

நர்ஸிடம் தாளும் பேனாவும் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லிடாதீங்க. வெளிய தெரிஞ்சா ஜோடிச்ச கதைன்னு தள்ளிடுவாங்க. நான் பார்த்துக்கறேன்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"அந்தம்மா ஏங்க அழுதுட்டே போறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"டிரான்ஸ்ஃபருக்குச் சிபாரிசு கேட்டு வந்தாங்க" என்றேன்.

நர்ஸ் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று முறை போன் செய்தாள். "நடந்துட்டு இருக்கும்மா" என்றேன். அவள் எழுதிய தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. இப்போது உங்கள் முன்னால் இருப்பது அதுதான். ஆவணத்தை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் நிறைவேற்றினார்கள். அன்று சாயங்காலம் அவள் வந்தாள். "என்னால ஆனதைச் செஞ்சேம்மா, மேல ஒத்துக்கல" என்றேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க என்னங்கய்யா பண்ணுவீங்க, மனசைத் தளர விடாதீங்க" என்றாள்.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு புத்தகத்தின் ஆறாம் பதிப்பைத் திருத்தும்போது இந்த வழக்கையும் சேர்த்தேன். 'அச்சொல்லின் பொருள் குறித்து இறுதிவரை எவரும் ஐயம் எழுப்பவில்லை' என்று எழுதினேன். நர்ஸின் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாடத்துக்காகப் படித்தவள், அம்மாவுக்கும் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள். நர்ஸ் புகார் எழுதிவிட்டாள்; அதனால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். மருமகளைக் கொளுத்தியவர்கள், பெண்டாட்டியை எரித்தவர்கள் என்று எத்தனையோ பேர் என் கோட்பாட்டால்தான் உள்ளே இருந்தார்கள். அதில் ஒரு ஓட்டை விழுந்தால் அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள். அன்று இப்படித்தான் யோசித்தேன். பட்டியலைப் பற்றியும் யோசித்தேன். எது முதலில் வந்தது என்று இப்போது நினைவில்லை.

நேராகவே சொல்கிறேன். அவன் குற்றமற்றவன் என்று தெரிந்தே தூக்கில் ஏற விட்டேன். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆளின் வாயையும் நானே கட்டிப்போட்டேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். மறுக்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் பரிந்துரைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தீர்ப்பில் கை வைக்க வேண்டாம். நேற்றுகூட எடுத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை.