கன்றுக்குட்டியின் கொழுப்பும் ஒரு முட்டைத் தகராறும்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும், நாற்காலியில் அமர்ந்தே பழகிய, என் சம்பந்தியம்மா அவர்களே! பச்சைக் குழந்தைகளின் மூச்சைப் பாதுகாக்கும், மூக்குக்கண்ணாடி போட்ட, நம் கண்ணாடி டாக்டர் அவர்களே! கண்ணயராமல் காவல் நிற்கும் தலைமை நர்ஸ் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்துக்கொண்ட பெரியவர்களே! குறைமாதத்தில் பெற்றெடுத்து, குறையாத துணிவோடு வளர்த்து, இன்று மைக்கையும் மிஞ்சி அழுகிற பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! காப்பி எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒருவரைக்கூட விடவில்லை. விட்டால் அவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியும். நானும் வைத்துக்கொள்கிறவள்தான்.

இந்த மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைப் பிரிவிலிருந்து பிழைத்து வெளியே வந்த பிள்ளைகளின் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை இங்கே கூடுகிறோம். கூடும்போது உடம்பைப் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். தாய்ப்பால் என்ற தலைப்பை ஒருவர் எடுத்துக்கொண்டார். தடுப்பூசியை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். தூக்கம் என்ற தலைப்புக்கு இருவர் போட்டி போட்டார்கள். எனக்கு வந்தது பாஸ்போலிப்பிட். தலைவர் தம் திருக்கரத்தால் ஒதுக்கித் தந்தது. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராத எனக்கு இதை ஏன் ஒதுக்கினார் என்று நான் கேட்கவில்லை. ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது என் மகள் வாசலில் மறித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள். “அம்மா, இத்தனை வருஷமா நீ அத்தைக்கு ஒரு நன்றி சொல்லல. இன்னைக்கு மேடையில சொல்லணும். சொல்லலன்னா என் மூஞ்சியில முழிக்காத.” அவள் அத்தை என்றது தன் மாமியாரை, அதாவது நம் தலைவரை. சொல்வேனா, மாட்டேனா? எனக்கே தெரியாது. முதலில் பாஸ்போலிப்பிட்டைப் பார்ப்போம்.

அது ஒரு கொழுப்பு. கொழுப்பு என்றதும் யாரும் பக்கத்து நாற்காலியைப் பார்க்க வேண்டாம். இது உடம்புக்கு வேண்டிய கொழுப்பு. அதற்கு ஒரு தலை, இரண்டு கால். தலையில் பாஸ்பரஸ் இருக்கிறது. அந்தத் தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். கால்கள் இரண்டும் கொழுப்பு அமிலம். அவற்றுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. தலையையும் கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் இடுப்புக்குக் கிளிசரால் என்று பெயர். ஒரே உடம்பில் ஒரு பாதி ஓடி வரும், ஒரு பாதி ஓடிப் போகும்! இப்படிப்பட்டவர்களை நீங்கள் கண்டதில்லையா? கல்யாண வீட்டில் கண்டதில்லையா? வாசலில் வாங்க வாங்க என்று வாய் வரவேற்கும், உள்ளே போனால் உட்கார ஒரு நாற்காலி இருக்காது. என் மகள் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்ற நான், நீல நாற்காலிகள் முழுக்கச் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த கூடத்தில், சுவரோரம் நின்றேன். அது வேறு விஷயம்.

நான் ஒரு பேக்கரியில் முட்டை உடைத்தே முதுகு வளைந்தவள். எண்ணெயையும் வினிகரையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். எத்தனை கலக்கினாலும், எவ்வளவு கெஞ்சினாலும், எண்ணெய் மேலே ஏறிக்கொள்ளும். அதிலே ஒரு மஞ்சள் கருவை விட்டு அடியுங்கள். சண்டை போட்ட இரண்டும் சாந்தமாகி, வெள்ளையாய், வழவழப்பாய் ஒன்றாகும். மஞ்சள் கருவுக்குள் இருக்கும் இந்தக் கொழுப்பு, தலையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு காலை எண்ணெயில் நீட்டிக்கொள்கிறது. காரணம் எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடி டாக்டர் பிறகு சொன்னார்.

நம் உடம்பு எத்தனையோ கோடி அறைகளால் ஆனது. செல் என்கிறார்கள். அறைக்குச் சுவர் வேண்டாமா? அந்தச் சுவரைக் கட்டியது யார்? கொத்தனாரா? இல்லை! சிமெண்டா? இல்லை! இந்தக் கொழுப்புதான் இரண்டு வரிசையாய் நிற்கிறது. தலைகள் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை. தண்ணீர் பிடிக்காத கால்கள் எல்லாம் நடுவில், ஒன்றுக்கொன்று நீட்டிக்கொண்டு. அநேகமாய் ஒரு கால் நேராகவும் ஒரு கால் மடங்கியும் இருக்கும். மடங்கிய கால் நெருக்கியடித்து நிற்க விடாது. அதனால்தான் சுவர் விறைத்துப் போகாமல் நெகிழ்ந்து கொடுக்கிறது. உள்வரிசையில் மட்டுமே நிற்க வேண்டிய ஒரு வகை உண்டு. அது வெளிவரிசைக்கு வந்து தலைகாட்டினால் அந்த அறைக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். துப்புரவு செய்யும் செல்கள் வந்து விழுங்கிவிடும். உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என்ன? பின்வரிசையில் என்ன கேள்வி? “இதைச் சாப்பிட்டா நேரா சுவருக்குப் போயிடுமா பாட்டி?” நல்ல கேள்வி. போகாது. நீங்கள் தின்ற கொழுப்பைக் குடல் அப்படியே உள்ளே விடாது. கணையம் அனுப்பும் சாறு முதலில் ஒரு காலை வெட்டும். உள்ளே போன பிறகு உடம்பு வேறொரு காலை ஒட்டிக்கொள்ளும். இது போதாதென்று ஈரல் தானே புதிதாய்ச் செய்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. செய்வது, உடைப்பது, மறுபடி செய்வது, ஓய்வே கிடையாது. உடைத்த துண்டையும் வீணாக்காமல் செய்தி அனுப்பப் பயன்படுத்துகிறது. வீக்கம், வலி எல்லாம் சில நேரம் அப்படி வந்த செய்திதான். இரத்தத்தில் எண்ணெய் தனியாய் மிதக்காமல் உறை போட்டு ஊர்வலம் அழைத்துப் போவதும் இதுவே. பித்தநீரில் கொலஸ்ட்ரால் கல்லாய்க் கட்டாமல் கரைத்து வைப்பதும் இதுவே!

கைதட்ட வேண்டாம். இன்னும் முட்டைத் தகராறு வரவில்லை.

என் மகள் மாசமாய் இருந்தபோது மாமியார் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்குள் முட்டை நுழையாது. நான் அவித்த முட்டையை டிபன் டப்பாவில் வைத்து, மேலே வாழைப்பழத்தை அடுக்கி எடுத்துப் போவேன். ஒரு நாள் நம் தலைவர் டப்பாவைத் திறந்துவிட்டார்.

“என்ன சம்பந்தி இது?”

“முட்டை.”

“எங்க வீட்டுல இது ஆகாதுன்னு தெரியாதா?”

“உங்க வயித்துக்கா கொண்டுவந்தேன்? என் பொண்ணு வயித்துக்குக் கொண்டுவந்தேன்.”

“உங்க பொண்ணு வயித்துல இருக்கறது எங்க வீட்டுப் பிள்ளை.”

அதோடு என் டப்பா வாசலுக்கு வந்தது. பின்னாலேயே நானும் வந்தேன்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, அவசரமாய் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். நுரையீரலைப் பழுக்க வைக்கும் ஊசியைத் தாய்க்கு முன்கூட்டியே போடுவார்களாம். அதற்கும் அவகாசமில்லை. எடுத்த பிள்ளை என் உள்ளங்கைக்கு மேல் கொஞ்சம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே ஒட்டிக்கொண்டது. முனகினாள். உதடு நீலம். மகள் மயக்கத்தில். மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நாங்கள் இருவர் மட்டும்.

நான் சும்மா இருப்பேனா? “ஒரு முட்டைய விட்டிருந்தா இப்படி ஆகுமா? என் பேத்திக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை விடமாட்டேன்!” என்று வராந்தா அதிரக் கத்தினேன். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“பாட்டி, முட்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நுரையீரல்ல சின்னச் சின்னப் பைகள் இருக்கு. உள்ளே ஈரம். ஈரமான பிளாஸ்டிக் கவர் எப்படி ஒட்டிக்கும்?”

“பேக்கரியில ஊதித்தான் பிரிப்போம்.”

“அதேதான். ஒட்டாம இருக்க ஒரு கொழுப்பு பூசியிருக்கணும். அது கடைசி மாசங்கள்லதான் வேணுங்கிற அளவுக்கு ஊறும். இவ முன்னாடியே வந்துட்டா. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டின பையப் பிரிக்கிறா. அவளுக்குத் தெம்பு தீர்ந்துட்டு வருது.”

அந்தக் கொழுப்பின் விசேஷம் கேளுங்கள். அதற்கு இரண்டு காலும் நேர்! மடங்கல் இல்லை, சாய்தல் இல்லை. மூச்சை வெளியே விடும்போது பைகள் சுருங்கும். அப்போது இவை தோளோடு தோள் நெருங்கி நின்று, ஈரம் இழுக்கும் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். நீங்களும் நானும் இந்த நொடி மூச்சு விடுகிறோமே, யார் தாங்குகிறார்கள்? அவைதான்! தூங்கும்போது யார் தாங்குகிறார்கள்? அவைதான்! நான் கத்தியபோது அந்தக் கத்தலுக்குக் காற்றுக் கொடுத்தது யார்? அதுவும் அவைதான்!

டாக்டர் சொன்னார்: “மருந்தா இருக்கு. குழாய் வழியா மூச்சுக்குழல்ல விடணும். இப்பவே விடணும். ஆனா ஒண்ணு சொல்லிடணும். இது கன்னுக்குட்டியோட நுரையீரல்லேர்ந்து எடுத்தது. பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படற வீடுங்க இருக்கு. அதனால சொல்லிட்டுத்தான் போடுவோம். என்ன சொல்றீங்க?”

அது இந்தப் பிரிவின் வழக்கம். இன்றும் சொல்கிறார்கள்.

சபையோரே, நான் அப்போது என்ன செய்தேன்? போடுங்கள் என்றேனா? இல்லை. திரும்பினேன். முட்டையை விரட்டிய முகம் கன்றுக்குட்டி என்றதும் எப்படி ஆகிறது என்று பார்க்கத் திரும்பினேன். பார்க்க வேண்டிய காட்சிதானே? யார்தான் திரும்ப மாட்டார்கள்? திரும்புகிற அந்த இடைவெளியில், நான் முழுதாய்த் திரும்பி முடிப்பதற்குள், தலைவர் சொல்லிவிட்டார்.

“கன்னுக்குட்டியோ காண்டாமிருகமோ, போடுங்க டாக்டர். பாவம் கீவம் இருந்தா என் தலையில எழுதிக்கோங்க. ஓடுங்க!”

என்னை முந்திக்கொண்டார். பெற்றவளைப் பெற்றவள் நான். எதையும் தின்கிற வீட்டுக்காரி நான். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை, அவருக்கு ஆயிரம் தடை. சொன்னது அவர். இதை நான் எப்படி மறப்பது?

பால்போல் வெள்ளையாய் இருந்தது அந்த மருந்து. தலைமை நர்ஸ் பிள்ளையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நம் தலைவர் என் கையைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் பார்ப்பதில் மும்முரமாய் இருந்தேன். உள்ளே ஒட்டிய விலா மெல்ல ஒட்டாமல் நின்றது. முனகல் அடங்கியது. உதட்டில் நீலம் வெளுத்து, வெளுப்பு சிவந்தது. “கடுகு சைஸ்ல இருந்துக்கிட்டு என்ன பாடு படுத்திட்டா!” என்றார் நர்ஸ். அன்றிலிருந்து அவள் பெயர் கடுகு. இரவல் வாங்கிய கொழுப்பையே அவள் நுரையீரல் உறிஞ்சி, சுத்தம் செய்து, திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டது. பிறகு தானே ஊறவைக்கவும் கற்றுக்கொண்டது. இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். விசில் அடிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்திருக்கிறது. நீளமாய் அடிக்கிறாளாம். அடிக்கட்டும்!

இரண்டு சம்பந்திகள் எண்ணெயும் தண்ணீரும், நடுவே நின்று சேர்த்துவைத்த பாஸ்போலிப்பிட் எங்கள் பேத்திதான் என்று முடிக்கப் போகிறேன் என்று நினைக்கிறீர்கள். முன்வரிசையில் ஒருவர் தட்டுவதற்குக் கையைத் தூக்கியே விட்டார். இறக்குங்கள் ஐயா. அந்த வேலையெல்லாம் அவளுக்கு வேண்டாம். அவள் மூச்சு விட வந்தவள். விடுகிறாள். அதுவே போதும்! ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொள்ளாமல் திறக்கும் ஒவ்வொரு பைக்கும், அதிலே கால் மடக்காமல் நிற்கும் ஒவ்வொரு துளிக் கொழுப்புக்கும், இந்தச் சபை எழுந்து நின்று வணக்கம் சொன்னாலும் தகும்! சரி, காப்பி ஆறும், உட்காருங்கள்.

டாக்டருக்கு நன்றி. நர்ஸுக்கு நன்றி. பெயர் தெரியாத அந்தக் கன்றுக்கு நன்றி.

சம்பந்தியம்மா, எனக்கு மறதி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நீல நாற்காலியை மறக்கவில்லை. வாசலுக்கு வந்த டப்பாவை மறக்கவில்லை. உங்கள் சமையலறைக்குள் இன்றைக்கும் முட்டை போகவில்லை, அதையும் மறக்கவில்லை. நீங்கள் முந்திக்கொண்டு சொன்ன அந்த வார்த்தையையும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். நன்றி.

என்ன தலைவர் அவர்களே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? “பேசினது போதும் சம்பந்தி, எவ்வளவு நேரம் நிப்பீங்க, உக்காருங்க” என்கிறீர்களா? உங்கள் நாற்காலியையா இழுத்துப் போடுகிறீர்கள்? சபையோர் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். உட்காருகிறேன். நாற்காலி விஷயத்தை இத்தோடு விட்டேன்.

முட்டை அப்படியே இருக்கிறது. வணக்கம்.