ஒன்பது வெள்ளி நாக்கு

"ஹலோ... ஹலோ, கனகரத்தினமே? ஓம், ஓம், நான்தான் மச்சான், முத்துக்குமாரு. தபால் கந்தோரிலை நிக்கிறன். பள்ளிக்கூடத்திலை இருந்துதானே கதைக்கிறீர்? நீர் கூட்டிக்கொண்டு போன எங்கடை பிள்ளை மலரைக் காட்டினீரே?... ஓம்... ஓம்... என்ன சொல்லுகினம்?"

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்தின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டு, அந்தக் கரையில் ஆளைத் திருப்புகிற குரல் முத்துக்குமாருவுக்கு. அதே குரலைத்தான் டெலிபோன் குழாய்க்குள்ளும் போட்டார். கந்தோர் முழுக்கக் கேட்டது.

"நாக்கிலை பழுதில்லையோ?... காதோ? உமக்கென்ன விசரே! கூப்பிட்டால் வாறவள்தானே... ஓம், கையைக் காட்டித்தான் கூப்பிடுறது... ஓம்... பன்ரண்டு வயசெண்டால் என்ன, இனிப் படிக்கட்டுமன்... தையலோ? தையல் ஆர் கேட்டது! அவள் கதைக்க வேணும் மச்சான், கதைக்க!... இனிப் பிடிபடாதோ?... மூண்டு நாலு வயசிலை வந்திருந்தால் கைச் சைகையாலையாவது ஒரு பாஷை பிடிச்சிருப்பாளோ... அந்த வயசு போட்டுதோ..."

முத்துக்குமாரு குழாயை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஓம், எழுதினீர். நாலு வயசிலேயே எழுதினீர். நான்தான் கடுதாசியைக் கிழிச்சன். ஊமைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டால் நாளைக்கு ஆர் கட்டுவான் எண்டு... உம்மடை தங்கச்சி சொன்னவள், திருவிழா வெடிக்கும் பிள்ளை திரும்பேல்லை எண்டு. வாயை மூடடி எண்டன். நாக்கு எழும்பேல்லை எண்டு வருசா வருசம் இணுவில் கந்தனுக்கு வெள்ளியிலை நாக்குச் செய்து போட்டன். ஒன்பது நாக்கு! ஒரு காது செய்து போட இந்த மண்டையிலை ஏறேல்லையே, பாவி!"

கந்தோர் வாசலில் நின்ற அவர் மனைவி ஞானாம்பிகை, அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்கவே இல்லை. அவளுக்குத் தெரியாததையா அவர் சொல்லிவிடப் போகிறார்!

"என்ன, அழுகிறாளோ? பள்ளிக்கூடக் கேற்றைப் பிடிச்சுக்கொண்டோ?... ஐயோ, விட்டிட்டுப் போட்டினம் எண்டு நினைச்சிட்டாள் மச்சான். சொல்லும், உடனை சொல்லும். அப்பா இண்டைக்கு ராவு மெயில் ரெயில் ஏறி நாளைக்கு விடிய வாறார் எண்டு சொல்லும்... என்ன?... எப்பிடிச் சொல்லுறதோ?"

குரல் இறங்கிப் போயிற்று. சோறு என்றால் வாயருகே கையைக் குவித்தால் போதும். கிணறு என்றால் கயிறு இழுத்துக் காட்டலாம். வீட்டில் அவ்வளவு சைகைதான் இருந்தது.

"பொறும் மச்சான்... நாளைக்கு எண்டதுக்கு... நாளைக்கு எண்டதுக்கு நாங்கள் அவளுக்கு ஒண்டும் காட்டிக் குடுக்கேல்லை மச்சான்... என்ன, மூண்டு நிமிசம் முடிஞ்சுதோ? ஐயா, லைனை வெட்டாதையுங்கோ... ஹலோ... ஹலோ..."