வரிசையில் இருந்த கடிதம்

ஒரு பெரிய நிறுவனத்தின் உயிர் அதன் மின்னஞ்சலில் இருக்கிறது. எங்கள் லாரிக் கம்பெனிக்காக நான் எழுதிய திட்ட அறிக்கையின் முதல் வரி இது. இயக்குநர்கள் கை தட்டினார்கள். அடுத்த பக்கத்தை யாரும் புரட்டவில்லை. முந்திரி பக்கோடா வந்துவிட்டது.

நீங்கள் குறுக்கிடாமல் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. வரிசையாகவே சொல்கிறேன்.

நாடு முழுக்கக் கிளைகள், தலைமை அலுவலகம் தலத்தெருவில். மின்னஞ்சல் அமைப்பில் எதையும் நான் இரண்டாக வைத்தேன். இரண்டு சர்வர், இரண்டு ஜெனரேட்டர், இரண்டு ஏசி. மென்பொருளும் ஒரு கடிதம் முழுதாகப் போய்ச் சேரும்வரை அதைத் தன் வரிசையிலிருந்து விடாத ரகம். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கரி ஏற்றிய லாரிகள் எங்கள் வாசலில்தான் நிற்கும். தூள் புகாதிருக்க சர்வர் அறைக்கு இரும்புக் கதவு, அதில் சின்னக் கண்ணாடி. தீப்பிடித்தால் சர்வர்மேல் தண்ணீர் ஊற்ற முடியாது. எனவே கரியமில வாயு. அது நெருப்பின் மூச்சை அடைத்துவிடும். புகை தெரிந்தால் மணி அடிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும், சற்றுப் பொறுத்து வாயு இறங்கும். வெளியே ஒரு மெயின் சுவிட்ச். அதை அணைத்தால் கதவு திறக்கும், வாயு இறங்காது, சர்வர்களும் நின்றுவிடும். எல்லாவற்றையும் இரண்டாக வைத்தவன் கதவை மட்டும் ஒன்றாக வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. லாரிகளுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியபின், சர்வருக்கும் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டச் சொன்னார் சேர்மன். ஏசி மெக்கானிக் முத்தையன் தூபக்காலோடு உள்ளே போனார். வரிச்சிக்குடிக்காரர்.

“நாங்க வெளிய வேவுறோம், இதுக்கு ரெண்டு ஏசி. குடுத்து வச்ச மிஷினு சார்,” என்றார்.

“கண்ணு வைக்காம சாம்பிராணியக் காட்டுண்ணே,” என்றாள் வரவேற்பறை அல்லி, பொரிகடலை பொட்டலம் மடித்தபடி.

உள்ளே ஒருவர் நிற்கத்தான் இடம். நான் வாசலில் நின்று, “பின்பக்கமும் நல்லாக் காட்டுங்க,” என்றேன். புகை உணரியை முன்பே அணைத்திருக்க வேண்டும், தெரியும். அணைத்தால் அது ஒரு குறையாகப் பதிவாகும். என் அமைப்பில் அதுவரை ஒரு குறையும் பதிவானதில்லை.

மணி அடித்தது. கதவு பூட்டிக்கொண்டது.

“சார், மெயின அணைங்க. அண்ணன் உள்ள இருக்காரு,” என்று அல்லி சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முரட்டுத்தனமாக அல்ல. திடீரென்று அணைத்தால் பாதி வழியில் இருக்கும் கடிதம் கெட்டுவிடும், வரிசை காலியான பிறகு முறைப்படி நிறுத்தலாம் என்று விளக்கினேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை, பிடியையும் விடவில்லை.

முத்தையன் கண்ணாடியில் தட்டினார். “தொறங்க சார். மூச்சு முட்டுது சார்.” அந்த நிலையிலும் மரியாதை குறையவில்லை. நல்ல மனிதர்.

தட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே இருந்த திரையில் வரிசை காலி என்று வந்தது. அப்போது சுவிட்சை அணைத்தேன்.

விபத்து என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அது தவறு. சுவிட்ச் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என்ன நடக்கும் என்றும் தெரியும். அவரைக் கொன்றது நான். ஆனால் ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வரிசையில் எத்தனை கடிதம் இருந்தது என்றா கேட்டீர்கள்? அன்று விடுமுறை, இணைப்பும் மந்தம். ஒன்றுதான் இருந்தது. சர்வர் வேலை செய்கிறதா என்று பார்க்க, நான் எனக்கே அனுப்பியது.