பின்னால நாலு அடி வச்சது ஒரு குத்தமா?

...நீங்களே சொல்லுங்க சார், ஒரு மனுஷன் தன் தெருவுல நாலு அடி பின்னால எடுத்து வைக்கக் கூடாதா? அட, உக்காருங்க, டீ வருது. ஃபட்டிக், சாருக்குப் பெரிய மண் குவளையில குடு!

இந்தக் கேமரா பழைய சாமான் குவியல்ல கெடந்துச்சு சார். ஃபிலிம் போடுறது. என் வயசு இருக்கும், என்னைவிட நல்லா ஓடுது. ஒரே குறை, தூரம் அதுக்குத் தெரியாது. நாமதான் காலால அளந்து, லென்ஸ்ல நம்பரைத் திருப்பி வைக்கணும். தப்பா வச்சா படத்துல பூனை புகையா வரும்.

அதான் சார் அளந்தேன்! ஷோபிதா அண்ணி வீட்டுப் பச்சை ஜன்னல்ல பூனை தூங்குது. வாசல்லேருந்து முணுமுணுன்னு எண்ணிக்கிட்டே பின்னால வர்றேன். அண்ணி மாடியிலேருந்து, "என்ன சுகேன், எந்த பில்டருக்கு அளக்கற?"ங்கறாங்க.

முடிஞ்சுது! இந்த வடக்குக் கல்கத்தாவுல பழைய வீட்ட உத்துப் பாத்தாலே, அத வாங்கி இடிச்சு ஃப்ளாட் கட்ட வந்தவன்தானே? மத்தியானத்துக்குள்ள சந்து முழுக்கச் சேதி. தத்தா வீட்டுல சந்தேஷ் இனிப்பு குடுத்து, "எங்க வீட்டையும் அளந்துக்கோப்பா"ங்கறாங்க. வீட்ட விக்க மனசில்லாத எதிர்வீட்டுப் பெரியவர் மாடியிலேருந்து என் தலையில தண்ணி ஊத்தறார். பூனைக்கு எவன் வீட்ட வித்தா என்ன, எந்திரிச்சுப் போயிடுச்சு.

'இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே'ன்னு பாக்கறீங்க. சொன்னேன் சார், எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரைத் தவிர... எங்க வீட்டு ஓனர், ஹிமாங்ஷு கர். அவர் மேல்மாடியில நான் குடியிருக்கேன். மழை வந்தா கூரை ஒழுகி என் கட்டில் ரூமு முழுக்க ஊர்வலம் போகும். கேட்டா, "ஆள் வரும், ஆள் வரும்"பார். அந்த மனுஷன் அன்னிக்கு என் தோள்ல கை போட்டு, "நம்ம வீடு அந்த பில்டருக்குப் புடிக்குமாப்பா?"ன்னார். நான் வாயே தொறக்கல. அண்ணாந்து கூரையப் பாத்தேன். 'ப்ச்'னேன். அவ்ளோதான் சார்!

மறுநாளே கொத்தனார்! இப்ப கட்டில் மேல ஒரு சொட்டு எறங்கல.

அதுலேருந்து தெனம் சாயங்காலம் கேமராவ மாட்டிக்கிட்டு அவர் வாசல்ல அளக்கற மாதிரி நடக்கறேன். ஃபிலிமா? அது எப்பவோ தீந்துபோச்சு. அடுப்படிக் கூரை பாக்கி இருக்கே, அதுக்குத்தான் நடக்கறேன். ஆனா நேத்து அவர் என்னை மேலயும் கீழயும் பாத்து, "ஏம்ப்பா, பில்டர் தரப்புல ஒரு ஆளும் எட்டிப் பாக்கலையே?"ங்கறார். கொத்தனாரையும் நிறுத்திட்டார். அங்க பாருங்க வானத்த... எப்படி கறுத்திருக்கு! கொட்டினா என் அடுப்புல மீன் நீந்தும் சார்.

அய்யோ, ஏன் எந்திரிக்கறீங்க? இந்தப் பக்கம் உங்கள யாருக்கும் தெரியாது. மடிப்புக் கலையாத சட்டை, தோல் பை... வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. உங்களைவிட நல்ல பில்டர் ஆளு எனக்கு எங்க கெடைப்பான்?

பைய விடுங்க சார், ரெண்டே நிமிஷம். தோ, அவரே வந்துட்டார்! அப்படியே முறைச்சுக்கிட்டே இருங்க, நல்லாருக்கு.

வாங்க கர் பாபு, வாங்க! இவர்தான்... ஆமா, அதிகம் பேச மாட்டார். வீடு புடிச்சிருக்காம். ஒழுகற அடுப்படியத்தான் எப்படி முதலாளிகிட்ட சொல்றதுன்னு யோசிக்கறார்.